உப்பு மிளகாய்த்தூள் தொட்ட அணில்

எங்கள் நைனாவைப் பற்றி ஆம்பூரில் யாரிடம் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். சொன்ன சொல் தவறாதவர், பிறத்தியார் பொருள் ஒரு துரும்புகூட வேண்டாம் என்பவர், அப்படி ஒரு மனுஷனை இனிமேல் எங்கே பார்க்கப்போகிறோம். அவர் காலமாகி இத்தனை வருஷம் ஆன பிறகும், கலியாண வீடுகளில் என்னைப் பிடித்து நிறுத்தி இதைச் சொல்கிறவர்கள் உண்டு. நானும் தலையை ஆட்டிவிட்டு வருவேன். உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சொன்ன சொல்லுக்காகப் புளிய விளாரால் அடி வாங்கினது அவர்கள் கால் இல்லை, என் கால்.

எங்கள் தோப்பு ஊருக்கு வெளியே பாலாற்றங்கரையில் இருந்தது. தோப்பு என்றதும் ஜமீன்தார் தோப்பு மாதிரி நினைத்துவிட வேண்டாம். ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மறு மூலையில் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் வருஷம் முழுக்க அதில் ஏதாவது ஒன்று காய்த்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் கொய்யாவும் சீத்தாப்பழமும் வரும். மார்கழியில் வேலியெல்லாம் அவரைக்காய். தை பிறந்தால் முள்ளுக் கத்தரிக்காய். காம்பில் முள் குத்தும், குழம்பில் வெண்ணெயாகக் கரையும். எலுமிச்சைக்குக் காலமே கிடையாது. காற்று கிழக்கே இருந்து திரும்பினால் தோல் பதனிடும் கொட்டகைகளிலிருந்து ஊறுகிற தோலும் ஆவாரம்பட்டையும் கலந்த வாடை வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது.

இதெல்லாம் எங்களுடையது. தின்றது போக மிச்சத்தை அம்மா கூடையில் போட்டுச் சந்தைக்கு அனுப்புவாள். மாங்காய் மட்டும் எங்களுடையது இல்லை. மரம் எங்களுடையது, நிழல் எங்களுடையது, தோரணம் கட்ட இலை வேண்டுமானால் பறித்துக்கொள்ளலாம். காய் மட்டும் அயலாருடையது. பூ பூத்து நிற்கும்போதே மொத்தக் காய்ப்பையும் வியாபாரிக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பூவெல்லாம் பனியில் கருகிக் கொட்டினால் அவர் தலையெழுத்து. காய்த்துத் தள்ளினால் அவர் அதிர்ஷ்டம். கை மாறினதிலிருந்து கடைசிப் பழம் இறங்குகிற வரை, மாமரம் வளர்த்தவன் வீட்டுப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவன் பிள்ளை பெறாதவனாகத்தான் இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு நல்லது இருந்தது. தோப்புக்காரன் வீட்டுக்கென்று ஒரு மரத்தை நீக்கிவிட்டுத்தான் விலை பேசுவார்கள். அதற்கு வீட்டு மரம் என்று பேர். எங்கள் வீட்டு மரம் கிணற்றடியில் இருந்தது. கவலையில் தண்ணீர் இறைக்கிற மாடுகள் ஏறி இறங்குகிற மண்மேட்டுப் பக்கமாக அதன் ஒரு கிளை தாழ்ந்து வந்து, ஆள் முகத்துக்கு நேரே காய்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். அதன் காய் பிஞ்சிலேயே ஒரு தினுசான புளிப்பு. பல் கூசாது, நாக்கு மட்டும் சப்புக்கொட்டும். அக்காவும் நானும் பங்குனி முழுக்க அந்த மரத்தடியில்தான் குடியிருப்போம். அக்காவுக்குக் குடியாத்தத்தில் கலியாணம் ஆகிப் போன பிறகு நான் ஒண்டியாகக் குடியிருந்தேன்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அந்த வருஷம் தை மாதக் கடைசியில் குடியாத்தத்திலிருந்து ஆள் வந்தான். அக்கா வீட்டில் தறி போட்டிருந்தார்கள்; அந்தத் தறியில் வேலை செய்கிறவன். அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி. அம்மா எனக்கு ஒரு வெல்லக்கட்டியைக் கொடுத்து வெளியே போய் விளையாடச் சொன்னாள். நல்ல சேதி சொல்ல வந்தவன் ஏன் அவ்வளவு நேரம் பேசினான், வெளியே வந்த நைனா ஏன் தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்றெல்லாம் எனக்குக் கேள்வி வரவில்லை. என் வாயில் வெல்லம் இருந்தது.

அதற்கு அடுத்த வாரமே சாயபு பூ பார்க்க வந்தார். ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தவர், வெயில் காலத்தில் மாங்காயும் வாங்குவார். ஆட்டுத்தோலைத் தடவிப் பார்க்கிற மாதிரியே மாம்பூங்கொத்தையும் இரண்டு விரலால் தடவிப் பார்ப்பார். விலை பேசுவதும் தோல் மண்டி வழக்கப்படிதான். நைனாவும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, வலது கைகள் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்துப் பிடித்து விலை ஏறும், இறங்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வராது. முகம் இரண்டும் எங்கேயோ காக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். துண்டை எடுத்ததும் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். அந்த வருஷம் துண்டை எடுத்தார்கள், நைனா கிணற்றுப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார், சாயபு தாடியைத் தடவிக்கொண்டு வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார், மறுபடியும் துண்டு விழுந்தது. இதை நான் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோசனம்.

பங்குனியில் அக்கா வந்தாள். வாந்தி நிற்கவில்லை, பிறந்த வீட்டில் பத்து நாள் இருந்தால் தெளியும் என்று அனுப்பியிருந்தார்கள். கன்னமெல்லாம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக வந்து இறங்கினாள். சோறு கண்டால் ஓடினாள். ரசம் கண்டால் ஓடினாள். மூன்றாம் நாள் காலையில் என் காதில் மட்டும் சொன்னாள்.

“கெணத்தாங்கர மாங்கா ஒண்ணு கெடச்சா போதும்டி. வேற ஒண்ணும் வாணாம்.”

இது ஒரு பெரிய காரியமா? நான் துள்ளிக்கொண்டு ஓடினேன். மரத்தடியில் சாயபு வைத்த காவல்காரன் உட்கார்ந்து கவணுக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். கிளி விரட்டத் தகர டப்பா ஒன்றும் பக்கத்தில் வைத்திருந்தான். இந்த மரம் வீட்டு மரம் என்றேன். இந்த வருஷம் இதுவும் சேர்த்துத்தான், உங்க நைனாவையே கேளு என்றான்.

நைனாவைக் கேட்டேன். கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

“வித்தாச்சி.”

“அக்காவுக்கு ஒண்ணே ஒண்ணு நைனா.”

“வித்தாச்சின்னு சொன்னேன் இல்ல? பறிக்கக் கூடாது. கீழ வுழுந்தாலும் எடுக்கக் கூடாது. நம்ம வூட்டு ஆளுங்க கை அதுல படக்கூடாது.”

அக்காவுக்கு நான் இதைச் சொன்னதும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மசக்கையில் கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காது வடியும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பையன் எப்போதும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிவான். அவன் அம்மா என்ன கேட்டுக் கிடைக்காமல் போயிற்றோ. என் அக்கா பிள்ளையும் அப்படிப் பஞ்சு வைத்துக்கொண்டு நிற்கிற காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. (அந்தப் பிள்ளை இன்று ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கிறான். பாம்புக் காது. நான் இந்தக் கதையை இப்படி எழுதுகிறேன் என்று அவனுக்கு இப்போதே கேட்டிருக்கும்.)

கோபம் வந்தால் சிலருக்குப் புத்தி மழுங்கும். எனக்குக் கூர்மையாகும். பறிக்கக் கூடாது, சரி. விழுந்ததை எடுக்கக் கூடாது, அதுவும் சரி. பறிக்காமல், எடுக்காமல், மரத்தில் இருக்கிறபடியே கடித்தால்? கை படக்கூடாது என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. வாயைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அக்காவிடம் சொன்னேன். வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தாள். மத்தியானம் காவல்காரன் தோப்பின் அந்தக் கோடியில் கூழ் குடிக்கப் போகிற நேரம். மாடுகளை அவிழ்த்துவிட்டிருப்பார்கள். கவலை மேட்டில் அக்கா ஏறி நின்றாள். தாழ்ந்த கிளை அவள் முகத்துக்கு நேரே வந்தது. நான் இலையில் உப்பும் மிளகாய்த்தூளும் மடித்து எடுத்துப் போயிருந்தேன். கிளை ஆடாமல் நான் பிடித்துக்கொள்வேன். அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, காயை ஒரு கடி கடிப்பாள். கடித்த இடத்தில் நான் ஒரு குச்சியால் உப்பு மிளகாய்த்தூளை அப்புவேன். அப்புறம் அதே இடத்தில் இரண்டாம் கடி. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவள் மெல்லுகிற அழகைப் பார்க்க வேண்டும்! மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் புண்ணாகியும் விடவில்லை. அன்று சாயங்காலம் அக்கா சோறு தின்றாள். வாந்தி வரவில்லை.

அடுத்த நாளும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம். ஒரு தடவை காம்பு பலகீனமாக இருந்து ஒரு காய் பட்டென்று கீழே விழுந்துவிட்டது. பாதிதான் தின்றிருந்தாள். விழுந்ததை எடுக்கக் கூடாது என்று நைனா சொல்லியிருந்ததால் இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு அங்கேயே விட்டு வந்தோம். அவ்வளவு யோக்கியமாகத்தான் நடந்துகொண்டோம். இதை யாரும் இன்றுவரை பாராட்டவில்லை.

கடித்த காய்கள் கிளையிலேயே தொங்கிக் கருத்தன. நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அணில் கடித்தால் இப்படித்தானே தொங்கும் என்று ஒரு நினைப்பு.

காய் எவ்வளவு தேறும் என்று பார்க்கச் சாயபு வந்த அன்று நைனாவும் கூட இருந்தார். நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வேலியோரம் அவரைக்காயின் கடைசிக் காய்களைப் பறித்துக்கொண்டிருந்தாள். காவல்காரன் சாயபுவை நேரே அந்தக் கிளைக்கு அழைத்து வந்தான். அவன் மேல் பழி வராமல் இருக்க வேண்டுமே. சாயபு குனிந்து ஒரு காயை உற்றுப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“இன்னா மொதலியாரே, உங்க தோப்பு அணிலு உப்பு மொளகாத்தூளு தொட்டுக்கினு தின்னுது!”

நைனா சிரிக்கவில்லை. அவரும் குனிந்து பார்த்தார். அக்காவுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. கடித்த இடத்திலெல்லாம் நட்டநடுவே மெல்லிசாக ஒரு வரப்பு நின்றிருந்தது. கையெழுத்துப் போட்ட மாதிரி ஒவ்வொரு காயிலும் இருந்தது. நைனா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைக்காயை மடியில் கட்டியபடி நின்றாள். மாசமாக இருக்கிற பெண் மேல் யாரும் கை ஓங்க மாட்டார்கள். நைனா வேலியோரப் புளியில் விளார் ஒன்றை ஒடித்தார், என்னிடம் வந்தார்.

கெண்டைக்கால் தழும்பு ஆறியும் போச்சு, மறந்தும் போச்சு. சாயபு நடுவில் புகுந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது மட்டும் எனக்கு அட்சரம் தவறாமல் ஞாபகம் இருக்கிறது.

“அட வுடுங்க மொதலியாரே! கொழந்திய போய் அடிச்சிக்கினு. மாசமா இருக்கிற பொண்ணு வாய் வெச்சா அது பர்கத்து, மரத்துக்கு நல்லது. நான்தான் அன்னிக்கே சொன்னேனே, இது வூட்டு மரம், இத வுட்டுட்லாம்னு. நீங்கதானே இதையும் சேத்துக்கோன்னு புடிவாதம் புடிச்சீங்க? இப்ப இன்னா கெட்டுப்போச்சி, இந்த மரத்த நீங்களே வெச்சிக்கோங்க. நான் ஒண்ணும் திருப்பிக் கேக்கல.”

“வாணாம் சாயபு,” என்றார் நைனா. “வித்தது வித்ததுதான். நஷ்டத்துக்கு எலுமிச்சங்கா எடுத்துக்குங்க.”

அடி வலித்தது ஒரு பக்கம். இது வேறு. சாயபு கேட்டு நைனா கொடுத்திருந்தால் என்னவோ சொல்லிக்கொண்டு போகலாம். வேண்டாம் என்றவர் கையில் வம்பாகத் திணித்திருக்கிறார்! துண்டு ஏன் இரண்டாம் தடவை விழுந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டு மரத்தை, அக்காவின் மரத்தை, அவராகவே தூக்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது சாயபு திருப்பித் தருகிறேன் என்றும் வாங்க மாட்டேன் என்கிறார். அந்த நிமிஷம் நைனாவைப் போல ஒரு கெட்ட மனுஷன் இந்த உலகத்திலேயே கிடையாது என்று எனக்குத் தீர்மானமாயிற்று.

சாயபு நல்லவர். மறுநாள் அவர் வீட்டு அம்மா ஒரு கூடை மாங்காயை மேலே ஈரத்துணி போட்டு மூடி வண்டியில் அனுப்பினார்கள். நைனா வண்டிக்காரனுக்கு மோர் கொடுத்தார், கூடையை இறக்கவிடாமல் அப்படியே திருப்பி அனுப்பினார். அம்மா அன்று பாத்திரம் கழுவின சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரம். பேச வேண்டிய இடத்தில் பாத்திரத்தோடு பேசினால் என்ன அர்த்தம்?

இதையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்தியது அக்காதான். அன்று மத்தியானம் வழக்கம்போல் நான் இலையில் உப்பு மடித்துக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். காவல்காரன் எங்கேயோ போயிருந்தான். அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

“வாணாம்டி. எனக்கு மாங்கா ஆசையே போய்ட்ச்சி.”

“பொய் சொல்ற. நைனாவுக்குப் பயந்துக்கினு சொல்ற.”

“பயமெல்லாம் இல்ல. அந்த மரத்துகிட்ட இனிமே போவாத. எனக்கு ஒண்ணும் வாணாம், போ.”

சொல்லிவிட்டு அழுதாள். அடி வாங்கினது நான், அழுகிறது அவள். சாயபு பேசினதை அவளும் வேலியோரம் நின்று கேட்டாள் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பயந்தாங்கொள்ளி, கலியாணம் ஆனதும் எல்லாரும் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் குடியாத்தத்துக்குத் திரும்பிப் போகிறவரை அவளோடு நான் சரியாகப் பேசவில்லை.

சித்திரையில் காய் இறக்க ஆட்கள் வந்தார்கள். தொரட்டிக் கம்பில் வலை கட்டி, அடிபடாமல் இறக்கி, வைக்கோல் பரப்பின கூடைகளில் அடுக்கினார்கள். கூடைகள் வண்டி வண்டியாக ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் போயின, அங்கிருந்து மெட்ராஸுக்கு. கிணற்றடி மரத்தையும் மொட்டையடித்தார்கள். கடித்த காய்களை மட்டும் பறித்து வேலியோரம் வீசினார்கள். யாரோ முகம் தெரியாத மெட்ராஸ்காரன் எங்கள் மரத்துக் காயைத் தின்னப்போகிறான் என்று நினைத்து நினைத்து, சோறு வேண்டாம் என்று சொல்லிப் பட்டினி கிடந்தேன். ஒரு வேளை. ராத்திரிக்கு அம்மா கத்தரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டாள்.

ஆனியில் அக்காவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குக் குடியாத்தம் போனோம். ரயிலில் நைனா தாம்பாளங்களை ஒரு வேட்டியில் கட்டி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அக்காவின் மாமியார் வீட்டு வாசலில் சின்னப் பந்தல் போட்டிருந்தது. உள்ளே தறிகளை நிறுத்திவிட்டிருந்ததால் வீடே வினோதமாக அமைதியாக இருந்தது. அக்காவை மணையில் உட்கார வைத்தார்கள். அவள் நன்றாக மாறியிருந்தாள். கன்னம் உருண்டு, வயிறு நன்றாகத் தெரிந்தது. நான் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அம்மா சீர்த் தட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். பூ, பழம், மஞ்சள், புடவை, வளையல். கடைசித் தட்டில் வைத்த துணியை விலக்கினதும் உள்ளே இருந்து ஒரு வெள்ளிச் சொம்பு பளிச்சென்றது. அப்படி ஒரு சாமான் எங்கள் வீட்டுக்குள் வந்ததையே நான் பார்த்ததில்லை. வந்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமியார்க்காரி சொம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள், அடியைத் திருப்பிப் பார்த்தாள், நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். திருப்தியா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. சொம்பை வைத்துவிட்டுத் தட்டுகளை மறுபடி ஒரு முறை பார்த்தாள்.

“எல்லாம் சரி சம்பந்தி. தோப்பு வெச்சிக்கினு இருக்கிறவங்க நீங்க. ஆனி பொறந்து சீசனே முடியப்போவுது. உங்க தோப்புப் பழம் ஒண்ணக்கூட இந்த வூட்டுக் கண்ணுல காட்டலியே? புள்ளத்தாச்சிப் பொண்ணுக்குக்கூடவா இல்ல?”

பெண்கள் சிரித்தார்கள். அம்மா தரையைப் பார்த்தாள். நைனா பந்தல்கால் பக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. பங்குனியிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டு இருந்தது எல்லாம் ஒரே வாயாக வெளியே வந்தது.

“எங்க நைனா தர மாட்டாரு! அக்கா அழுது கேட்டாகூட தர மாட்டாரு! வெள்ளிச் சொம்பு வாங்கத் தெரியும், ஒரு மாங்கா குடுக்க மனசு வராது. எங்க நைனா கஞ்சன்!”

பந்தலே கொல்லென்று சிரித்தது. மாமியார்க்காரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, “கொழந்த வாயில நெசந்தான் வரும் சம்பந்தி,” என்றாள்.

நைனாவும் சிரித்தார். “ஆமாம்மா. நான் கொஞ்சம் கையிறுக்கம்தான்,” என்றார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையில் போட்டிருந்த புது வளையல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கலியாணம் நிச்சயமானபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அக்கா கலியாணத்தில் தருவதாக ஒத்துக்கொண்ட வெள்ளிச் சொம்பை நைனாவால் தர முடியவில்லை. அக்கா முழுகாமல் இருக்கிற சேதியைக் கொண்டு வந்த ஆள் கூடவே இன்னொன்றும் சொல்லியிருக்கிறான். வளைகாப்புத் தட்டில் சொம்பு வராவிட்டால் பெண்ணும் பிள்ளையும் ஆம்பூரிலேயே இருக்கட்டும் என்று. சாயபு பூவுக்குக் கொடுத்தது சொம்புக்குப் போதவில்லை. கிணற்றடி மரத்தைச் சேர்த்த பிறகுதான் போதுமாயிற்று. சாயபு அந்த மரத்தைச் சும்மா திருப்பித் தருகிறேன் என்றபோது, வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டு மரத்தையும் வைத்துக்கொள்ள நைனாவுக்கு மனசு வரவில்லை. வேலியோரம் நின்ற அக்காவுக்குச் சாயபு பேச்சிலிருந்தே எல்லாம் புரிந்துவிட்டது. அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும்.

அதாவது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இதைக் கேட்டு நான் உருகி அழுதேன் என்று அம்மா எதிர்பார்த்தாளோ என்னவோ. எனக்கு வந்தது கோபம்தான். இன்றைக்கும் கோபம்தான். பெற்ற பெண்ணின் வாயிலிருக்கிற காயைப் பிடுங்கி, அவளை அவர்கள் வைத்துக்கொள்வதற்காக அந்த மாமியார் வீட்டுக்கே சொம்பாகக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அங்கே நின்று கஞ்சன் என்று பேரும் வாங்கிக்கொண்டு, அதற்கும் ஆமாம் போடுகிற மனுஷரை நான் எங்கே போய்த் திட்டுவது? சொம்பின் அடியைத் திருப்பிப் பார்த்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டிய கத்தலை நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். எட்டு வயதுப் பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று அம்மா கேட்டாள். அடிக்க மட்டும் எட்டு வயது போதுமா என்று நான் கேட்டேன்.

வளைகாப்பு முடிந்த அன்று சாயங்கால ரயிலில் அக்காவையும் அழைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். ஒரு மாங்காய்க்கு விளார் ஒடித்தவர், சபையில் மானத்தை வாங்கினதற்கு என்ன ஒடிப்பார் என்று பயந்துகொண்டேதான் ஏறினேன். அம்மா பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன். நைனா எதிர்ப் பலகையில் உட்கார்ந்து, காலித் தாம்பாளங்களைக் கட்டின வேட்டி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னோடு பேசவே இல்லை. மேல்பட்டி தாண்டியும் நைனா என்னைத் திட்டவில்லை, முறைக்கக்கூட இல்லை. ஒரு தடவை எங்கள் இருவர் கண்ணும் சந்தித்தபோது அவர்தான் பார்வையை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் பயம் தெளிந்தது. நியாயம் நம் பக்கம் இருந்தால் நைனாவே வாயை மூடிக்கொள்கிறார் பார் என்று தோன்றியது. ஆம்பூர் வரும்வரை, ஜெயித்தவள் உட்கார்ந்திருப்பது மாதிரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.